தக்காளி ரொட்டியும் நான் ஒளித்த பாஸ்போர்ட்டும்

அருள்,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே நீ இதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். கிழிக்காமல் பிரித்திருக்கிறாய் என்றால், தயவுசெய்து கடைசிவரை படித்துவிடு. இருபத்து மூன்று நாளாக உனக்குப் போன் செய்கிறேன். மணி அடித்து அடித்து நின்றுபோகிறது. உன் அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய், அதுவும் நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து. வேளாங்கண்ணியில் ஒரு லாட்ஜ் சமையல்கட்டில் நீ சேர்ந்திருப்பதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முப்பத்தாறு வருடம் ஆற்று மதகைக் காத்த லஸ்கர் நான். ஷட்டரை எத்தனை மணிக்கு ஏற்றினேன், தண்ணீர் எத்தனை அடி போகிறது என்று நோட்டில் எழுதியதைத் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் வாயால் சொல்ல வேண்டியதை அந்தந்த நேரத்தில் சொல்லாமல் விட்டுத்தான் நமக்கு இவ்வளவும் வந்தது. நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதி என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்னால் ஒரு வாய் சோறு தின்ன முடியவில்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால் நம் பங்குச் சாமியார் உதவியோடு இத்தாலிக்குப் போனாய். கடலோரத்தில் சின்ன ஊர், அதில் ஒரு ஓட்டல். முதல் இரண்டு வருடம் தட்டு கழுவினாய். பிறகு அந்த ஓட்டலை நடத்துகிற லூச்சியா அம்மா உன்னை உள்ளே கூப்பிட்டு, பெரிய சாப்பாடு வருவதற்கு முன்னால் மேசைக்குப் போகிற சின்னச் சின்னத் தட்டுகளைச் செய்கிற இடத்தில் நிற்க வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் ஒவ்வொன்றாகக் காட்டுவாய். சுட்ட ரொட்டியில் பூண்டைத் தேய்த்து, மேலே பொடியாக நறுக்கிய தக்காளி. சீவிச் சுட்ட கத்தரிக்காய்க்குள் பால்கட்டி வைத்துச் சுருட்டியது. "கறி, மீன் எதுவும் கெடையாதும்மா, எல்லாம் காயிதான். காலையில தோட்டத்துலேர்ந்து வருது, மத்தியானம் தட்டுல இருக்கு" என்பாய். உன் அம்மா ஸ்டெல்லா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பாள். நான் பின்னால் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல இருப்பேன். ஊரில் கேட்டவர்களிடம் உன்னை ஓட்டல் மானேஜர் என்று சொல்லி வைத்திருந்தேன். ஆண்பிள்ளை அவ்வளவு தூரம் போய்த் தக்காளி நறுக்குகிறான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாய்: "அப்பா, இங்கயே நிரந்தரமா இருந்துடலாம்னு பாக்குறேன். லூச்சியா அம்மா பேப்பர் போட்டுத் தர்றேங்கறாங்க." நான் சரி சரி என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மறுநாள் நாற்றங்காலுக்கு உழவு ஓட்டப் போனபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அறுபத்திரண்டு வயதாகிறது, நாங்கள் போய்ச் சேரும்போது சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நீ நிற்கப்போவதில்லை என்ற நினைப்பு அங்கேதான் வந்தது. வந்த நினைப்பு போகவில்லை. மூன்றாம் நாள் உனக்குப் போன் செய்து, அம்மாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றேன். நான் அதைச் சொல்லும்போது உன் அம்மா கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

நீ நான்காம் நாளே வந்து நின்றாய். தாடி வளர்ந்து, கண் சிவந்து, தோளில் ஒரு பை. அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். "என்னடா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற!" என்றாள். நீ அவளைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். நான், "பயந்த மாரி ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாருடா" என்றேன். அம்மாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனாலும் பிள்ளையைக் கண்ட சந்தோஷத்தில் அவள் வாயைத் திறக்கவில்லை. அதற்காக இன்றுவரை அவள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்லி அழுகிறாள். நீ ஒருநாள் முழுக்க என்னோடு பேசவில்லை. இரண்டாம் நாள் நீயே வந்து, "சரி வுடுங்கப்பா. வந்தது வந்துட்டேன், ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன். டிசம்பருக்குள்ள அங்க போயி, தங்குறதுக்கான கார்டு புதுப்பிக்கணும், அவ்ளோதான்" என்றாய். அவ்வளவு சுலபமாக என்னை மன்னித்தாய். அதை நான் எப்படிப் பயன்படுத்திக்கொண்டேன் பார்.

அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் சித்தப்பா குடும்பத்தை அழைத்து நீ சமைத்தாய். காலையிலேயே வாய்க்கால் கரைக்குப் போய்த் துண்டு நிறையத் திருநீற்றுப்பச்சை பறித்துக்கொண்டு வந்தாய். "இதுதாம்பா அங்க பாசில்ங்கறது. இங்க சும்மா மண்டிக் கெடக்குது" என்று குழந்தை மாதிரி சிரித்தாய். சித்தப்பா முகர்ந்து பார்த்துவிட்டு, "கதம்பத்துல வச்சுக் கட்டுற பச்சிலையாச்சேடா இது" என்றான். நீ பாலைத் திரித்து வடிகட்டினாய், குடமிளகாயை அடுப்பிலேயே தோல் கருகச் சுட்டு உரித்தாய், ரொட்டியைக் கல்லில் போட்டு எடுத்தாய். மேசையில் ஆறு தட்டு வந்தது. சித்தப்பா ஒவ்வொன்றையும் ஒரே வாயில் போட்டு முடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. சோறு எப்ப வரும்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு போயிருக்கும். நான்தான் கூடச் சேர்ந்துகொண்டு, "எட்டு வருஷம் சீமையில இருந்து கத்துக்கிட்டது இவ்ளோதான். ரொட்டியில தக்காளி வக்கிறது" என்றேன். நீ சிரித்துக்கொண்டே தட்டுகளை எடுத்து உள்ளே வைத்தாய். நான் அன்றைக்கு ஒரு துண்டுகூட வாயில் வைத்துப் பார்க்கவில்லை என்பதை நீ கவனித்தாயா என்று தெரியவில்லை. உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அவன் கையால் எதைச் செய்து உன் முன்னால் வைத்தாலும், முதலில் தின்று பார். பேசுவதெல்லாம் அப்புறம். எனக்குத் தெரிந்த ஒரே புத்திமதி இதுதான். அதையும் மிகவும் தாமதமாகத்தான் கற்றேன்.

நீ டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொன்ன அன்று, நீ குளிக்கப் போயிருந்தாய். உன் பை திறந்து கிடந்தது. கருப்பு உறைக்குள் பாஸ்போர்ட் இருந்தது. எடுத்தேன். வயல் பத்திரம், சிட்டா, அடங்கல் எல்லாம் வைக்கிற தகரப்பெட்டியில் அடியில் வைத்துப் பூட்டினேன். ஒரு வாரம் தள்ளிப் போனால் போதும், மனசு மாறிவிடுவாய் என்று நினைத்தேன். நீ மூன்று நாள் வீட்டையே புரட்டினாய். உன்னோடு சேர்ந்து நானும் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினேன். அருள், நான் செய்ததிலேயே எனக்குப் பொறுக்க முடியாதது அந்த டார்ச்தான். பஸ்ஸில் விட்டுவிட்டேனோ என்று நீயே சொல்ல ஆரம்பித்தாய். "இருக்கும்" என்றேன். போலீஸ் ஸ்டேஷனில் காணவில்லை என்று எழுதிக்கொடுத்தாய். அதோடு அந்தப் பாஸ்போர்ட் ரத்தாகிவிட்டது, இனி எடுத்துக்கொடுத்தாலும் உதவாது என்று தெரிந்தபோது, சொல்வதற்கு எனக்குத் துணிச்சல் இல்லாமல் போய்விட்டது. புதியது கைக்கு வருவதற்குள் டிசம்பர் போய்விட்டது. அங்கே உன் கார்டு காலாவதியானது. லூச்சியா அம்மா உன் இடத்தில் வேறு ஆளைப் போட வேண்டியதாயிற்று.

அதற்கப்புறம்தான் நீ சுவரைப் பார்த்துப் படுத்தாய். முதலில் அலுப்பு என்று நினைத்தோம். பத்து நாள் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று. அறுவடை மிஷின் வயலுக்குள் இறங்கிய அன்றுகூட நீ எழுந்து வரவில்லை. அம்மா பிசைந்து கொண்டுவரும் சோறு அப்படியே காய்ந்து போகும். உன் முதுகெலும்பு பனியனுக்கு வெளியே தெரிந்தது. தஞ்சாவூரில் மனநல டாக்டரிடம் அழைத்துப் போனோம். நீ வெளியே உட்கார்ந்திருந்தபோது அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இது நோய்ங்க. மாத்திரை வேலை செய்ய நாளாகும். அதுவரைக்கும் தம்பிய தனியா வுடாதீங்க. வீட்ல பூச்சி மருந்து இருந்தா அப்புறப்படுத்திடுங்க" என்றார். அன்று வீட்டுக்கு வந்ததும் மாட்டுக்கொட்டகையில் இருந்த டப்பாக்களை எல்லாம் சாக்கில் கட்டிச் சைக்கிளில் வைத்து, சித்தப்பா வீட்டில் கொண்டுபோய்ப் போட்டேன். எதற்கு என்று அவன் கேட்டான். அவன் வாசலில் உட்கார்ந்து அழுதேன். அவனிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

சாம்பல் புதன் வந்தது. தவக்காலம் நாற்பது நாளும் நம் வீட்டில் கவுச்சி இல்லை. அன்றைக்கு அம்மா அடுப்படியில் நின்று என்னிடம் சொன்னாள்: "என்னங்க, அவன் அங்க செஞ்ச சாப்பாடு பூராவும் மரக்கறிதானே. நம்ம சோறுதான் எறங்கல. அதையாச்சும் செஞ்சு பாப்போமா?" எனக்குச் சுடுதண்ணீர் வைக்கக்கூட வராது. ஆனால் அன்று முதல் அடுப்படியில் நான்தான் நின்றேன். வேறு என்ன செய்வதென்று தெரியாத ஒருவன் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டான் என்று வைத்துக்கொள். கடைத்தெருவுக்குப் போய்த் தக்காளியை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து வாங்கினேன். வாய்க்கால் கரையில் பச்சிலை பறித்தேன். ஆலிவ் எண்ணெய் வேண்டும் என்று நினைவிருந்தது, மெடிக்கலில் ஒரு சின்னப் பாட்டில் கொடுத்தார்கள். ரொட்டியைக் கல்லில் சுட்டு, பூண்டு தேய்த்து, நறுக்கிய தக்காளியும் உப்பும் கிள்ளிய இலையும் வைத்து, எண்ணெயை ஊற்றி உன் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். "அருளு, அப்பா செஞ்சிருக்கேன்டா" என்றேன். நீ வெகுநேரம் கழித்துத் திரும்பினாய். ஒரு துண்டை எடுத்துக் கடித்தாய். மென்றாய். பிறகு சொன்னாய்: "இது குழந்தைக்கு மேல தேய்க்கிற எண்ணெய்ப்பா."

பதினொரு நாளுக்குப் பிறகு நீ பேசிய முதல் வார்த்தை அது. நான் கொல்லைப்பக்கம் ஓடிவிட்டேன். அம்மா பின்னாலேயே வந்து, "திட்டிட்டானா?" என்று கேட்டாள். "பேசிட்டான்டி" என்றேன். மறுநாள் அலைந்து திரிந்து சமையலுக்கான எண்ணெயே வாங்கிவந்தேன். அன்றிலிருந்து தினம் ஒரு தட்டு. பால் திரித்தபோது புளிப்பு அதிகம் என்றாய். "எலுமிச்சம்பழம் பாதி போதும், பால எறக்கி வச்சிட்டு ஊத்துங்க." குடமிளகாயைச் சுட்டுத் தண்ணீரில் கழுவிவிட்டேன். "கழுவுனா ருசி போயிடும்பா, தொடச்சுதான் உரிக்கணும்." கத்தரிக்காயை மெல்லிசாகச் சீவ எனக்கு வரவில்லை. நான்காம் வாரத்தில் நீயே எழுந்து வந்து என் கையிலிருந்து கத்தியை வாங்கினாய். கத்தரிக்காய் காகிதம்போல விழுந்தது. அன்று முதன்முதலாக அந்தச் சுருளை உன் கையால் வாங்கித் தின்றேன். வெளியே கொஞ்சம் கருகி, உள்ளே பால்கட்டி குளிர்ந்து, நடுவில் அந்த இலை வாசம். இதையா நான் ஏளனம் செய்தேன் என்று இருந்தது. இப்படி ஒன்றைச் செய்யத் தெரிந்தவனுடைய பாஸ்போர்ட்டையா பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

பெரிய சனிக்கிழமை காலையில் மறுநாள் ஈஸ்டருக்காக நாம் இருவரும் சாத உருண்டை செய்துகொண்டிருந்தோம். நம் வயல் பொன்னி அரிசி. குழைய வடித்து, ஆறவைத்து, உள்ளே பால்கட்டி வைத்து உருட்டி, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரிப்பது. அங்கே ஆரஞ்சுப் பழத்தின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள் என்றாய். உன் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. பேச்சோடு பேச்சாக, கையை நிறுத்தாமல் சொன்னாய்: "எனக்கு யாரு மேலயும் கோவம் இல்லப்பா. என் மேலதான். ஒரு பாஸ்போர்ட்ட ஒழுங்கா வச்சிக்கத் துப்பில்லாதவன் நான். எட்டு வருஷத்த ஒரு பஸ்ல தொலச்சிட்டேன்ல. படுத்திருந்தப்பல்லாம் இதேதான் மண்டையில ஓடும். நான்லாம் எதுக்கு இருக்கேன்னு."

உன் நோய்க்கு உள்ளே என்ன இருந்தது என்று அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது. நான் செய்ததற்கு நீ உன்னை அடித்துக்கொண்டிருந்தாய். டாக்டர் கொடுத்த மாத்திரை ஒரு பக்கம், நான் ஊட்டிய விஷம் ஒரு பக்கம். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, பாஸ்போர்ட்டை எடுத்துவந்து, உருண்டைகள் வைத்திருந்த தாம்பாளத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். நீ அதைப் பார்த்தாய். தொடவில்லை. என்னைக் கேட்கவும் இல்லை. கையைக் கழுவினாய், துடைத்தாய், அடுப்பை அணைத்தாய். பையை எடுத்துக்கொண்டு, அம்மா வாசலில் மறிக்க மறிக்கப் போய்விட்டாய். திட்டியிருந்தால், அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அடுப்பை மறக்காமல் அணைத்துவிட்டுப் போனாயே, அதுதான் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அடுத்த மூன்று நாள் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியாது. ஈஸ்டர் பூசை மணி அடிக்கும்போது நான் ரயில் பாதை ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டு, நாகப்பட்டினம், பூம்புகார் கடற்கரை என்று உன் போட்டோவைக் காட்டிக் கேட்டேன். தண்ணீர் எதைக் கொண்டுவந்து எங்கே ஒதுக்கும் என்று எனக்குத் தெரியும், வேலையில் இருந்தபோது எத்தனையோ பேரைப் பிணமாக மதகடியில் இருந்து தூக்கியிருக்கிறேன். ஆற்றுக்குப் போய் நின்றேன். சித்திரை மாதம், வெறும் மணல். வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் வராதா என்று பார்த்த அதே ஆற்றில் தண்ணீர் இல்லாததற்காக அன்று முழங்கால் போட்டு நன்றி சொன்னேன். பிறகு குளங்களுக்குப் போனேன். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு குளக்கரையில் நிற்கும்போது அம்மா போன் செய்தாள். "புள்ள பேசுனான். வேளாங்கண்ணியில இருக்கான். வந்துடுங்க" என்றாள். கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒருவர் என்னைப் பைக்கில் ஏற்றிவந்து வீட்டில் விட்டார்.

அம்மாவிடம், சித்தப்பாவிடம், சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சித்தப்பா இப்போது என்னோடு பேசுவதில்லை. அது சரிதான். ஸ்டேஷனுக்கும் போய், பாஸ்போர்ட் தொலையவில்லை, நான்தான் ஒளித்தேன், என் மகன்மேல் தப்பில்லை என்று எழுதிக்கொடுத்தேன். பிறகு சாமியாரை உட்கார வைத்து லூச்சியா அம்மாவுக்குப் போன் போட்டேன். சாமியார் ரோமில் படித்தவர், அந்தப் பாஷை தெரியும். நான் சொல்லச் சொல்ல அவர் மாற்றிச் சொன்னார். ஒரு வரி விடாமல் சொல்லச் சொன்னேன், டார்ச் அடித்ததையும். அந்த அம்மா என்னை வைவார் என்று காத்திருந்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டதாகச் சாமியார் சொன்னார்: "அருள் இப்போது சாப்பிடுகிறானா?"

போன செவ்வாய்க்கிழமை, உனக்குத் தெரியாது, வேளாங்கண்ணிக்கு வந்தேன். நீ வேலை செய்யும் லாட்ஜுக்கு எதிரே மெழுகுவர்த்திக் கடை நிழலில் நின்றேன். ஜன்னல் வழியாக உன் தோளும் கையும் தெரிந்தன. ஏதோ நறுக்கிக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து யாரிடமோ பேசினாய். தெருவைத் தாண்டி வர எட்டு அடி போதும். கூப்பிட வாயெடுத்தேன். இவன் இருக்கும் இடத்துக்கெல்லாம் போய் மறுபடியும் பிடித்து இழுக்கப் போகிறாயா என்று என்னை நானே கேட்டுக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

லூச்சியா அம்மா எழுதியதைச் சாமியார் தமிழில் எழுதித் தந்திருக்கிறார். இரண்டையும் இதோடு வைத்திருக்கிறேன். உனக்காகப் புதிதாக மனுப் போட அவர் தயார். எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்று உறுதியில்லை, ஆனால் அவர் முயற்சி செய்வார். அதற்கு உன் சம்மதம் உன் கையால் வரவேண்டும், அப்பா கையால் வந்தது போதாது என்று எழுதியிருக்கிறார். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

எனக்குப் பதில் எழுதாதே. அவருக்கு எழுது. இன்றைக்கே எழுது. என்மேல் உள்ள கோபத்தில் அதைத் தள்ளிப்போடாதே, அப்படிச் செய்தால் இந்த முறையும் உன்னைத் தடுத்தவன் நானாகவே ஆகிவிடுவேன். மாத்திரையை மட்டும் டாக்டர் சொல்லாமல் நிறுத்திவிடாதே. மனசு மறுபடியும் அந்தப் பக்கம் போனால் அம்மாவையோ, டாக்டரையோ, அங்கே பக்கத்தில் இருப்பவரையோ உடனே கூப்பிடு, நீ பாரம் இல்லை. நான் செய்த எதற்கும் நீ காரணம் இல்லை. இதை நீ நம்பும்வரை எத்தனை கடிதம் வேண்டுமானாலும் எழுதுவேன்.

போகும் நாளை எனக்குச் சொல்ல வேண்டாம். வழியனுப்ப வரமாட்டேன். நாளை எங்களுக்கு ஒன்று ஆனால், முடிந்தால் வா, முடியாவிட்டால் அங்கேயே ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. அங்கே இறங்கியதும் அம்மாவுக்கு ஒரு போன் போடு. நான் வீட்டில் இருக்கும் நேரமாக இருந்தாலும் பரவாயில்லை, நான் போனைக் கேட்கமாட்டேன். வாசலிலேயே இருப்பேன். அவள் குரலை வைத்தே தெரிந்துகொள்வேன், நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று.

அப்பா